குண்டு எட்டிய தூரமும் சிக்னல் எட்டாத அறையும்

1690-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் பீரங்கி ஒன்றை நிறுத்தித் திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். எதிரி யாரும் வரவில்லை. அந்தக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியிருந்தது. சென்னையில் எலிஹு யேல் ஆளுநராக இருந்த காலம் அது. கோட்டையோடு, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் வாங்கியவருக்கே சேரும் என்பது பேரத்தில் ஒரு பகுதி. கடலூர் நகரமே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. அப்படிக் கைமாறிய ஊர்களைக் ‘குண்டு கிராமங்கள்’ என்றார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரைக் கேட்டால் இன்றும் உள்ளூர்க்காரர்கள் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அந்தக் கோட்டையை 1758-இல் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்துப் போட்டது.

ஓர் இடத்தில் நின்று எதையோ எய்து, அது எட்டும் தூரத்தை எல்லையாகக் கொள்வது. கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பழைய பெரிய வீடுகளில் இன்று தினமும் நடப்பதும் அதுதான். வாசல் அறையில் சுவரில் தொங்கும் வைஃபை பெட்டிதான் பீரங்கி. குண்டு எந்த அறையோடு நிற்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திண்ணையில் படம் ஓடுகிறது; கூடத்தில் ஓடுகிறது; இரண்டாம் கட்டுக்குப் போனால் சுற்றிக்கொண்டே இருக்கிறது; சமையற்கட்டில் ஒரு பாயின்ட் வந்து வந்து போகிறது. பின்கட்டு அறையில் படிக்கும் பிள்ளை ஆன்லைன் வகுப்புக்காக மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வருகிறது.

இதற்கு எல்லோரும் முதலில் தேடும் மருந்து, இன்னும் ‘பவர்’ உள்ள பெட்டி. ஆறு கொம்பு, எட்டு கொம்பு முளைத்த ரவுட்டர் ஒன்று வாங்கி அதே ஆணியில் மாட்டுகிறார்கள். கூடத்தில் வேகம் கூடுகிறது. பின்கட்டில் பழைய கதைதான். பணம் போன பிறகு வரும் இந்த ஏமாற்றத்துக்குக் காரணம் சுவரின் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு கடினமானதும் அல்ல.

வைஃபை என்பது வானொலி அலைதான். நம் வீடுகளில் அது இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், ஏறத்தாழ அரைச் சாண். இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். அதன் அலை மூன்று விரல் அகலம்தான். முதலாவதை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005 ஜனவரியில் விதி வகுத்தது. இரண்டாவதை வீட்டுக்கு வெளியேயும் தாராளமாகப் பயன்படுத்தத் திறந்துவிட்டது 2018 அக்டோபரில். 2.4 கூட்டம் நிறைந்த பழைய சாலை, 5 அகலமான புதுச் சாலை. ஆனால் அலை குட்டையாகக் குட்டையாகச் சுவரைத் தாண்டும் தெம்பு குறைகிறது.

எவ்வளவு குறைகிறது? பொறியாளர்கள் இதை டெசிபலில் அளக்கிறார்கள். 3 டெசிபல் போனால் அலையின் திறன் பாதியாகும். 10 போனால் பத்தில் ஒரு பங்கு. 20 போனால் நூறில் ஒரு பங்கு. எந்தக் கட்டுமானப் பொருள் அலையை எவ்வளவு விழுங்கும் என்று கணக்கிடச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.2040 என்ற பரிந்துரையில் சூத்திரங்கள் கொடுத்திருக்கிறது. காய்ந்த செங்கல்லுக்கு உரிய எண்களை அதில் போட்டுப் பார்த்தால், ஒன்றரை அடி கனமுள்ள சுவர் 2.4 அலையிலிருந்து சுமார் 11 டெசிபலைப் பிடுங்கிக்கொள்கிறது; 5 அலையிலிருந்து சுமார் 13. ஒரே சுவரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இரண்டு சுவர் தாண்டினால் 2.4 அலையில் மிஞ்சுவது நூற்றறுபதில் ஒரு பங்கு.

கான்கிரீட் இதைவிடக் கறார். அதே சூத்திரத்தின்படி ஓரடி கனமான கான்கிரீட் 2.4 அலையில் 21 டெசிபலையும், 5 அலையில் 37 டெசிபலையும் தின்றுவிடும். உள்ளே உள்ள கம்பியின் கணக்கு தனி. ஆக, சுண்ணாம்பு வைத்துக் கட்டிய பழைய செங்கற்சுவர் அங்குலத்துக்கு அங்குலம் பார்த்தால் கான்கிரீட்டைவிட நல்லதுதான். அதன் மேல் விழும் பழிக்குக் கனமும் ஒரு காரணம், எண்ணிக்கையும் ஒரு காரணம். ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, சமையற்கட்டு என்று ரயில் பெட்டி போல நீளும் வீட்டில் ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவே ஒரு கனத்த சுவர் நிற்கிறது.

இனி வீட்டுக்குள் நடந்தே பார்த்துவிடலாம். கைபேசியில் சிக்னலை எண்ணில் காட்டும் இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன. அவை காட்டும் அலகு டி.பி.எம்.; எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருக்கும்; எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மோசம். பெட்டிக்கு அருகில் மைனஸ் 30 காட்டும். மைனஸ் 65 வரை வீடியோ அழைப்பு தடங்கல் இல்லாமல் ஓடும். மைனஸ் 80-ஐத் தாண்டினால் பாயின்ட் தெரியும், வேலை நடக்காது. வழக்கமான 100 மில்லிவாட் பெட்டியிலிருந்து 15 மீட்டர் தள்ளி, நடுவே ஒன்றுமே இல்லாமல் நின்றால் 2.4 அலையில் மைனஸ் 44 கிடைக்க வேண்டும். 5 அலையில் மைனஸ் 50. இரண்டுமே அருமையான சிக்னல். அதே 15 மீட்டருக்குள் மூன்று ஒன்றரை அடிச் சுவர்களை வைத்தால் 2.4 அலை மைனஸ் 77-க்கு இறங்குகிறது. 5 அலை மைனஸ் 89. அங்கே அந்த வைஃபையின் பெயர்கூடப் பட்டியலில் தட்டுப்படுவது அரிது.

இது காய்ந்த சுவரின் கணக்கு. தேவனாம்பட்டினத்தில் சுவர் எங்கே காய்கிறது?

வெள்ளிக் கடற்கரைக் காற்று சன்னல் கம்பியைத் துருவாக்கி உதிர்ப்பதை அங்கே இருப்பவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். அதே உப்பு சுவருக்குள்ளும் இருக்கிறது. நிலத்திலிருந்து ஓதம் ஏறி, முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தொட்டால் மாவாகக் கொட்டும் சுவரைக் கடலோரத்தில் பார்க்காதவர் இல்லை. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காய்ந்த செங்கல்லோடு ஒப்பிட்டால் கடல்நீரின் கடத்துதிறன் நூறு மடங்குக்கும் மேல். மின்சாரத்தைக் கடத்தும் பொருள் வானொலி அலையை உள்ளே விடாமல் விழுங்கும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்து ஊறிய சுவர், சித்திரையில் இருந்ததைவிடக் கூடுதலாகச் சிக்னலைக் குடிக்கும். மழைக்காலத்தில் பின்கட்டில் நெட் மந்தமாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால் அதை மனப்பிரமை என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

கடல்நீரின் இந்தக் குணத்துக்குத் தமிழ்நாட்டிலேயே மிகப்பெரிய சாட்சி ஒன்று நிற்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையம், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. அது பயன்படுத்தும் அலை சுமார் 18 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் பதினாறு கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு நீண்ட அலைதான் கடல்நீருக்குள் சில மீட்டராவது இறங்கும். அதை எழுப்ப நானூறு மீட்டருக்கும் உயரமான கோபுரங்கள் வேண்டியிருக்கின்றன. அரைச் சாண் அலையோ உப்பு நீரில் ஓர் அங்குலம் போவதற்குள் செத்துவிடும்.

சுவர் இல்லாவிட்டால் இதே வைஃபை எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தேனியில் பார்க்கலாம். 2000-களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் பிரூவர் தலைமையிலான குழுவும் சேர்ந்து, கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களைத் தேனி மருத்துவமனையோடு வைஃபையால் இணைத்தார்கள். கோபுரத்தின் உச்சியில் ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஆன்டெனா, நடுவே தடையில்லாத வெளி, பல கிலோமீட்டர் தூரம். கிராமத்தில் உட்கார்ந்தபடியே நோயாளி தேனியில் உள்ள மருத்துவரிடம் முகம் பார்த்துப் பேசினார். வெனிசுவேலாவில் எர்மான்னோ பியெத்ரொசெமோலி 2007-இல் மலையுச்சிக்கு மலையுச்சி 382 கிலோமீட்டர் வைஃபை இணைப்பைச் சாதித்துக் காட்டினார். இங்கே இரண்டாம் கட்டைத் தாண்டத் தவிக்கும் அதே அலைதான் அது.

‘பவர்’ கேள்விக்கு இப்போது விடை சொல்லிவிடலாம். பெட்டியின் திறனை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் லாபம் 3 டெசிபல். ஒரு சுவர் எடுத்துக்கொள்வதோ 11. இரண்டு சுவர் தின்றதை ஈடுகட்ட 100 மில்லிவாட் பெட்டியை 16 வாட் ஆக்க வேண்டும், சட்டம் 2.4 அலையில் ஆன்டெனாவின் குவிப்பையும் சேர்த்து 4 வாட்டுக்கு மேல் விடாது. அப்படியே விட்டாலும் பயனில்லை. பேச்சு இருவழி. பெட்டி சொல்வது கைபேசிக்குக் கேட்டால் மட்டும் போதாது, கைபேசி சொல்வது பெட்டிக்கும் கேட்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் கைபேசி தன் சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு பெரும்பாலும் பெட்டியைவிடத் தணிந்த குரலில்தான் பேசுகிறது. மூன்று பாயின்ட் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை என்ற புகாருக்குப் பல வீடுகளில் இதுதான் விளக்கம். கைபேசிக்குக் காது கேட்கிறது, குரல் எட்டவில்லை.

கொம்புகள் நிறைய இருப்பதில் பொருள் இல்லாமல் இல்லை. அது வேறு வகையான பொருள். அந்தக் கதை பொள்ளாச்சியில் தொடங்குகிறது. 1944-இல் அங்கே பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இந்தியக் கடற்படையில் சேர்ந்தவர். 1971 போரில் ஐ.என்.எஸ். குக்ரி கப்பல் நீர்மூழ்கியின் குண்டுக்கு இரையான பிறகு, நீருக்கடியில் எதிரியின் ஒலியைக் கேட்கும் சோனார் கருவிகளை மேம்படுத்தும் பணியில் இறங்கி, அப்சோ என்ற சோனாரை நாட்டுக்காக உருவாக்கித் தந்தார். கடலடியில் ஒலி நேராக மட்டும் வராது. மேல்மட்டத்தில் பட்டு, தரையில் பட்டு, பல எதிரொலிகளாக வரும். பல காதுகளை வரிசையாக வைத்து அவற்றைப் பிரித்தறிவது அந்தத் துறையின் கலை. பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் வானொலியில் செய்தது அந்த அனுபவத்தின் வழி வந்ததுதான். பல ஆன்டெனாவால் அனுப்பி, பல ஆன்டெனாவால் வாங்கினால், சுவரில் பட்டுச் சிதறி வரும் எதிரொலிகளையே தனித்தனிப் பாதைகளாக்கி ஒரே நேரத்தில் பல தகவல் ஓடைகளை அனுப்பலாம் என்று கண்டார். பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து அவர் பெற்ற காப்புரிமை 1994-இல் வந்தது. மைமோ என்ற அந்த முறை 2009-இல் வைஃபை தரத்துக்குள் நுழைந்தது. 2014-இல் அவருக்கு மார்கோனி பரிசு கிடைத்தது.

ஆக, கொம்புகள் எதிரொலியை வேகமாக மாற்றுகின்றன. வந்து சேராத அலையை அவற்றால் வரவழைக்க முடியாது.

சரி, என்னதான் செய்வது? செலவே இல்லாத வழி முதலில். பெட்டியை இடம் மாற்ற வேண்டும். நெட் இணைப்பு கொடுக்க வருபவர் தெருக் கம்பத்திலிருந்து கேபிளை இழுத்து, வாசலுக்குப் பக்கத்தில் எது முதல் சுவரோ அதில் பெட்டியை அறைந்துவிட்டுப் போகிறார். அவருக்கு அதுதான் சுலபம். வீட்டுக்கு அதுதான் மிக மோசமான இடம். எய்வதில் பாதி தெருவுக்குப் போகிறது. பழைய வீட்டில் இதற்கென்றே கட்டி வைத்தது போல ஓர் இடம் இருக்கிறது: முற்றம். நான்கு பக்கத் தாழ்வாரமும் அதைப் பார்த்தே திறக்கின்றன. முற்றத்து ஓரத் தூணில், மழைச் சாரல் படாமல், தலைக்கு மேல் உயரத்தில் பெட்டியை வைத்தால் பெரும்பாலான அறைகளுக்கு ஒரு சுவருக்கு மேல் குறுக்கே வராது. பல அறைகளுக்கு அலை சுவர் வழியே போகாமல் வாசற்படி வழியே வளைந்து நுழையும். கணக்கில் பார்த்தால், எட்டு மீட்டர் தூரமும் ஒரு சுவரும் மட்டுமே என்றால் பின்கட்டில் 2.4 அலை மைனஸ் 49. முன்பு அது மைனஸ் 77.

பெட்டியைச் சுற்றி என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இரும்பு பீரோ ஒரு சுவரைவிடக் கெட்டி. அதற்குப் பின்னால், நிழல் விழுவது போல, சிக்னல் இல்லாத இடம் உருவாகும். நிலைக்கண்ணாடியின் முதுகில் உள்ள பூச்சு உலோகம். குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதே வகை. யாரும் கவனிக்காத ஒன்று, கொசுவுக்காகச் சன்னலிலும் கதவிலும் அடிக்கும் கம்பி வலை. கண் அதன் வழியே தோட்டத்தைப் பார்க்கிறது; அரைச் சாண் அலைக்கு அந்தப் பொடித் துளைகள் துளையே இல்லை. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் உள்ள துளைத்தகடு உள்ளே இருக்கும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையை வெளியே விடாமல் தடுப்பதும் இதே காரணத்தால்தான். நைலான் வலையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இதற்குப் பிறகும் எட்டாத அறை இருந்தால், கடைக்காரர் ரிப்பீட்டரை நீட்டுவார். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலையில் கேட்டு, அதே அலையில் திருப்பிச் சொல்கிறது. கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. ஆகவே வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. அதைவிடப் பெரிய தவறு அதை மாட்டும் இடம். சிக்னல் இல்லாத அறையிலேயே மாட்டுகிறார்கள். தனக்கே காதில் விழாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? சிக்னல் இன்னும் மைனஸ் 60 அளவில் நன்றாக இருக்கும் இடத்தில், நடுவழியில் வைக்க வேண்டும். மெஷ் என்ற பெயரில் வரும் ஜோடிப் பெட்டிகள் இதைவிடத் திறமையானவை; ஆனால் தங்களுக்குள் கம்பியில்லாமல் பேச வேண்டியிருந்தால் அவையும் அதே சுவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கனத்த சுவர் வீட்டுக்கு உறுதியான தீர்வு கம்பி. கம்பியில்லாத் தொழில்நுட்பத்துக்குக் கம்பி இழுப்பதா என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். சுவர் தின்னும் 11 டெசிபலை சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு கேபிள் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் தயக்கம் போய்விடும். கேட்-6 கேபிள் நூறு மீட்டர்வரை தரம் குறையாமல் கொண்டுபோகும். எந்த வீடும் அதற்குள் அடங்கும். பின்கட்டில் இரண்டாவது பெட்டியை அந்தக் கேபிளின் முனையில் வைத்து, இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்தால் போதும்; நடந்து போகும்போது கைபேசி தானாகவே மாறிக்கொள்ளும். 2.4 அலையில் முன்பெட்டிக்கு 1-ஆம் சானல், பின்பெட்டிக்கு 6 அல்லது 11 என்று பிரித்துவிட்டால் ஒன்றின் பேச்சு மற்றதின் மேல் விழாது. மின்வயரிலேயே நெட்டை அனுப்பும் பெட்டிகளும் கடையில் உண்டு. மும்முனை இணைப்பில் முன்கட்டு ஒரு பேஸ், பின்கட்டு வேறொரு பேஸ் என்று பிரிந்திருக்கும் வீடுகளில் அவற்றை நம்பி இறங்க முடியாது.

துளை போடுவதில் மட்டும் அவசரம் கூடாது. ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவரில் வழக்கமான பிட் பாதியில் நின்றுவிடும். அதிரும் டிரில்லை அழுத்தினால் மறுபுறம் தட்டளவு பூச்சு பெயர்ந்து விழும். பெரும்பாலான பழைய வீடுகளில் புதுத் துளையே வேண்டாம். கூரைக்குக் கீழே, ஆள் உயரத்துக்கு மேலே, சூடான காற்று வெளியேற விட்ட வென்டிலேட்டர்கள் கட்டுக்குக் கட்டு இருக்கின்றன. கேபிள் அவற்றின் வழியே போகலாம். துளை போட்டே ஆக வேண்டும் என்றால், பிறகு அதைச் சிமென்டால் அடைக்காமல் சுண்ணாம்புக் கலவையால் அடைப்பதே முறை. சிமென்ட் சுவரின் ஈரத்தை வெளியே விடாமல் சிறைபிடிக்கும், சுற்றிலும் பூச்சு பொரியும்.

கடலோரத்தில் இன்னொரு கவனம். கேபிள் முனையில் உள்ள எட்டு மெல்லிய தகடுகளை உப்புக் காற்று சும்மா விடாது. திடீரென வேகம் பத்தில் ஒரு பங்காகிவிட்டால் முதலில் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை அடிக்க வேண்டும். வெளியே செல்லும் பகுதிக்கு வெயிலையும் மழையையும் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள் வேண்டும். சுவருக்குள் நுழையும் இடத்தில் அதை நேராகச் செருகாமல், ஒரு சாண் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றிச் செருக வேண்டும். மழை பெய்யும்போது கேபிள் வழியே ஓடி வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் திரண்டு, அங்கேயே சொட்டிவிடும்.